தொண்டைக்கு எல்லை

கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர் தேவபிச்சை. அவர் தாமே இயற்றிய கிறிஸ்துமஸ் பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவள் எப்சிபா, பெண்கள் வரிசையில் பாடுகிறவள். ஒவ்வொரு குரலுக்கும் உரிய வரியின் தொடக்கத்தில், அது இறங்க வேண்டிய அடிச் சுரத்தையும் ஏற வேண்டிய உச்சிச் சுரத்தையும் சின்னதாகக் காட்டியிருந்தாள். பெண்களுக்கு எழுதிய உச்சி ஒருத்திக்கும் எட்டாது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"இந்த அடையாளத்தை எடுத்துடு. கர்த்தர் கொடுத்த தொண்டைக்கு எல்லை போட நீ யாரு? ஞாயிற்றுக்கிழமை எட்டாதவளுக்குக் குழுவில் இடமில்லை," என்றார் தேவபிச்சை.

"எடுத்துடுறேன், சார்."

கெஞ்சி வாங்கிய நியாயத்தை எந்த ஊரும் கண்டதில்லை. எப்சிபாவும் கெஞ்சவில்லை. அடையாளத்தை எடுத்தாள், கூடவே மொத்தப் பாட்டையும் நாலு சுரம் மேலே தூக்கி வைத்தாள். கம்ப்யூட்டருக்கு அது நொடி வேலை.

ஞாயிறு ஒத்திகை வந்தது. தான் எழுதிய பாட்டுக்குத் தாளைப் பார்ப்பது தேவபிச்சைக்குக் கவுரவக் குறைச்சல். ஆர்கன்காரரோ எப்சிபா அச்சடித்துத் தந்த தாளில் உள்ளதை வாசித்தார். "முதல்ல நான் பாடுறேன், கேட்டுக்கோங்க," என்று ஆண்குரல் வரியை எடுத்தவர், மலைப்பாதையில் திணறும் லாரி மாதிரி இருமி நின்றார்.

"எவன் இதை உசத்தினது?"

"நான்தான், சார். தாளைப் பார்க்காமலே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"என் தொண்டை சொல்லுதே!"

"எங்க தொண்டையும் அதைத்தான் சொல்லுச்சு. எட்டாதவங்களுக்கு இடமில்லைன்னா, முதல்ல யாரு சார் வெளியே போறது?"

ஆர்கன்காரர் சிரிப்பை மறைக்கக் குனிந்து, காணாமல் போகாத செருப்பைத் தேடினார்.

அடுத்த ஒத்திகையில் பாட்டு எல்லோருக்கும் எட்டும்படி இறங்கியிருந்தது. ஒரு பெண்ணும் வெளியேறவில்லை. வரிக்கு வரி எல்லை அச்சாகியிருந்தது; தேவபிச்சையின் வரிக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக.