பெருச்சாளி கடித்த நீல வாளி

விராலுக்கு முதலில் கெடுதல் செய்தது பெருச்சாளிதான். விரால் அதை ஒருநாளும் மறக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓடும் ஓடையில் அந்த விரால் மீன் இருந்தது. அந்த மழைக்காலத்தில் அதற்கு ஏராளமான குஞ்சுகள். செக்கச்செவேலென்று கூட்டமாக நீந்தும். விரால் அவற்றுக்குக் கீழேயே நின்று காவல் காக்கும்.

பாலத்தடியில், பாதி தண்ணீருக்குள், ஓர் உடைந்த நீல பிளாஸ்டிக் வாளி கிடந்தது. அதை எறிந்தது யாரென்று விராலுக்குத் தெரியாது. கடித்தது யாரென்று தெரியும். பெருச்சாளிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்தாக வேண்டும். அந்தி சாயும்போது தினமும் வந்து வாளியைக் கடித்தது. நீலத் தூள் ஓடையில் கொட்டியது.

"ஏய் பெருச்சாளி! பக்கத்துலயே புங்கவேர் இருக்கே, அதைக் கடிக்கக் கூடாதா?" என்றது விரால்.

"வேர் கசக்குது அண்ணே! வாளிதான் மொறுமொறுன்னு இருக்கு!"

"என் குஞ்சுங்க அதைப் பூச்சின்னு நினைச்சு முழுங்குது!"

"சும்மா கிடைக்கிற தீனிதானே? எனக்கு ஒரு கும்பிடு போடுங்க!"

"விளையாடாதே! நிறுத்து!"

"சரி, சரி. நாளையிலேர்ந்து தொட மாட்டேன். சத்தியம்!"

மறுநாளும் கரக், கரக் என்று சத்தம் கேட்டது.

"நீலமா எதையும் தொடாதீங்க!" என்று குஞ்சுகளை மிரட்டியது விரால். ஆனால் தூள் இன்னும் பொடிந்தது. கண்ணுக்கே தெரியாமல் தண்ணீரோடு கலந்தது. இனி எதைக் காட்டித் தொடாதே என்பது?

நல்ல நீர்ப்பூச்சிகளாகப் பார்த்து விரட்டிக்கொண்டு வந்தது விரால்.

"சாப்பிடுங்க கண்ணுகளா!"

"பசிக்கலைப்பா. வயிறு நிறைஞ்சே இருக்கு. ஆனா உடம்பு நடுங்குது."

எல்லாவற்றுக்கும் வயிறு உப்பியிருந்தது. முதுகு ஒட்டிப்போயிருந்தது. விராலைப் பயம் பிடித்துக்கொண்டது. காற்று வாங்க அது மேலே போய்வரும் நேரத்துக்குள் இரண்டு குஞ்சுகள் குறைந்திருக்கும். செத்து ஒதுங்கியவற்றைப் பெருச்சாளி பொறுக்கித் தின்றது.

"வீணாக்கக் கூடாது பாருங்க அண்ணே!"

கடைசியில் ஒரே ஒரு குஞ்சு மிஞ்சியது.

ஒரு காலையில் பெருச்சாளி தள்ளாடிக்கொண்டு வந்தது.

"அண்ணே! ஒரு வாரமாப் பசியே இல்லை. வயிறு நிறைஞ்சே இருக்கு. ஆனா உடம்பு நடுங்குது!"

அதே சொற்கள்! விரால் பெருச்சாளியின் உப்பிய வயிற்றைப் பார்த்தது.

"என் குஞ்சுங்க வயித்துல இருந்தது இப்போ உன் வயித்துல இருக்கு," என்றது.

"ஐயோ! நான் என்ன செய்வேன்?"

"போனதை உன்னால தர முடியாது. அந்த வாளியை இழுத்துக் கரையில போடு. இந்த ஒண்ணாவது பிழைக்கட்டும். அவ்வளவாவது நீ எனக்குச் செய்யணும்!"

பெருச்சாளி வாளியின் விளிம்பைக் கவ்வியது. பல் பிடித்தது. கால் நிற்கவில்லை.

"நாளைக்கு வந்து இழுக்கிறேன் அண்ணே. சத்தியம்!"

அது திரும்பி வரவேயில்லை.

வாளி அங்கேயே கிடக்கிறது. இப்போது கடிக்க ஆளில்லை. வெயில் அதைப் பொரிக்கிறது, ஓடை அதைத் தேய்க்கிறது, தூள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. விரால் தன் ஒற்றைக் குஞ்சுக்குக் கீழே நின்றபடி கரையையே பார்க்கிறது. பெருச்சாளி செய்ய வேண்டியது இன்னும் பாக்கி.

பிறர் வாழும் தண்ணீரில் நாம் உதிர்ப்பது நம் வயிற்றுக்கே திரும்பி வரும். அதை நாளைக்கு எடுக்கலாம் என்பவனுக்கு அந்த நாளை வருவதில்லை.