நடுவுலவன்

சடையப்பருக்கு ஐம்பத்திரண்டு வயது. மலையடிவார மடத்துச் சாமிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. வயசா முக்கியம்? ஏழு வருஷமாகச் சாமிக்குச் சீடர் சடையப்பர். மனசு கசந்தால் ஓடிவருவது அங்கேதான்.

அன்றைக்கு வந்தவர் கும்பிடக்கூட இல்லை. கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அம்மா போய்ச் சேந்துட்டாங்க சாமி. நேத்தோட பதினாறாம் நாள் காரியமும் முடிஞ்சுது."

"கொள்ளி வச்சது நீங்களா?"

"நானா!"

சிரித்தார். அதைச் சிரிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் ஊர் வழக்கம் அப்படி. அப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்குக் கடைசி மகன் வைப்பான். நடுவில் பிறந்தவனுக்குச் சுடுகாட்டில் ஒரு வேலையும் கிடையாது.

"பதினோரு வருஷம் படுத்த படுக்கை. பீ மூத்திரம் அள்ளுனது நான். அன்னைக்கு ஏதோ நெனப்புல, மொட்டை போட நாவிதர் முன்னால நான் போய் உக்காந்துட்டேன். 'எந்திரிங்கண்ணே, சின்னவரு வரட்டும்'னுட்டாரு. ஊரே பாத்துச்சு."

சாமி தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அதுகூடப் போகுது. கடைசி நாள் கஞ்சி குடுத்தேன். அம்மாவுக்குக் கண்ணு தெரியல. 'பெரியவனா?'ன்னாங்க. இல்லம்மான்னேன். 'சின்னவனா?'ன்னாங்க. இல்லம்மான்னேன். அதுக்குமேல கேக்கவே இல்ல சாமி. வேற யாருன்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. பெத்த தாய்!"

துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சாமி அழவிட்டார்.

"அண்ணன் அதிகாரம் பண்ணியே வளந்தான். தம்பி அடம் புடிச்சே வளந்தான். நான் 'சரி சரி'ன்னு சொல்லியே வளந்தேன். நடுவுல பொறந்தவனை இப்படி ஆக்குறது யாரு சாமி?"

சாமி பொட்டலத்தைப் பார்த்தார்.

"இது யாரு கட்டிக் குடுத்தது?"

"பொண்ணுதான். விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு ஆக்கியிருக்கா. புளிச்சோறுன்னா எனக்கு உசுருன்னு அவளுக்குத் தெரியும்."

"உங்களுக்கு மூணு பொண்ணாச்சே. இது எந்தப் பொண்ணு?"

"நடுவுலவ. அவதான் வீட்டோட கெடக்கா. பாவம், வாயே தெறக்க மாட்டா. எது சொன்னாலும் சரிம்பா."

"பேரு?"

"பேரு... பூங்காவனம். இல்லல்ல, அது பெரியவ. கனகா... அட, அது கடைக்குட்டி."

சடையப்பர் நெற்றியைத் தேய்த்தார். துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். இருபத்து நாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏ நடுவுலவளே' என்றால் வந்து நிற்பாள். அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததே சடையப்பர்தான்.

பொட்டலத்தைப் பிரிக்க நீட்டிய தன் கையைச் சாமி இழுத்துக்கொண்டார்.

"பேரு வரட்டும். அப்புறம் சாப்பிடலாம்."

பொழுது சாய்கிற வரைக்கும் அந்தப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.