தட்டிக்குப் பின்னால் ஒரு மூக்கு

மொட்டைப்பாறை ஊர்க்காரர்களிடம் மட்டும் "கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். நீங்கள் அடுத்த வருஷம் வந்தாலும் அதே இடத்தில் இருப்பார்கள். சொன்ன சொல்லைச் சொன்னபடி செய்கிற ஊர் அது. அதனால்தான் சிலம்பாயிக்கு மூக்கு குத்துவது அவ்வளவு பெரிய காரியமாகப் போயிற்று.

சிலம்பாயிக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை மருதப்பன், கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர். சந்தையில் ஒரு ஆடு அவன் துண்டைத் தின்றபோது, ஆட்டைத் திட்டாமல் சிரித்துக்கொண்டே மீதியையும் நீட்டினான். அதைப் பார்த்த அன்றே, கட்டினால் இவனைத்தான் என்று முடிவு செய்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா சீனியம்மா ஒரு சிவப்புக்கல் மூக்குத்தி கொடுத்தனுப்பி, "வெள்ளிக்கிழமை வாரோம். இது எந்த மூக்குல இருக்கோ, அந்தத் தலைக்குத்தான் பூ வைப்போம்" என்று சொல்லிவிட்டாள்.

இதில் ஒரு சிக்கல். சிலம்பாயிக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். அம்மா கிழிந்த ரவிக்கையைத் தைக்க உட்கார்ந்தால், இவள் அடுத்த தெருவில் போய் நிற்பாள். மருதப்பன் வேண்டும், மூக்குத்தி வேண்டும், ஊசி மட்டும் வேண்டாம். இதை நினைத்து நினைத்து அழுதாள்.

அவளுக்குத் தாய்மாமன்கள் மூன்று பேர். மூத்தவர் ஒச்சப்பன், நல்ல தொந்தி, நல்ல நீளமான மூக்கு. அடுத்தவர் மொக்கராசு, எதையும் சந்தேகப்படுவார். கடைசி சின்னக்காளை. அவருக்கு எல்லாம் சம்மதம். மூவரும் நகை செய்யும் பத்தரிடம் யோசனை கேட்கப் போனார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல. எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்றார் பத்தர். "ஊசியை மட்டும் பொண்ணு பார்த்துறக் கூடாது."

திரும்பி வரும் வழியில் ஒச்சப்பன் நின்றுவிட்டார். "ஏண்டா, மூக்கு குத்துறது எறும்பு கடிக்கிற மாதிரின்னா, எறும்பு கடிக்கிறதும் மூக்கு குத்துற மாதிரிதான?"

"அதான?" என்றார் சின்னக்காளை.

"அப்ப ஊசி எதுக்கு? எறும்பே போதுமே."

மாமரத்திலிருந்து ஒரு கொட்டாங்கச்சி நிறைய எறும்பு பிடித்து வந்து, சிலம்பாயியின் மூக்கில் கவிழ்த்தார்கள். அவளும் மருதப்பனை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு செம்பருத்திப்பூ நிறத்துக்கு வந்து வீங்கியது. துவாரம்தான் விழவில்லை.

மொக்கராசு கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "கடிச்சிருக்குண்ணே. ஆனா அந்தப் பக்கம் வரைக்கும் கடிக்கல. எறும்புக்கு அக்கறை பத்தாது."

வீக்கம் வடிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் அடுத்த யோசனையை ஆரம்பித்தார்கள். ஊசியைப் பெண் பார்க்கக் கூடாது. அதற்கு என்ன வழி?

"முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சுருவோம்" என்றார் சின்னக்காளை.

அவரே திரும்பிக் காட்டினார். மொக்கராசு சுற்றிவந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "முகத்தைத் திருப்புனா மூக்கும் கூடவே போகுதே."

"கண்ணும் மூக்கும் இவ்வளவு பக்கத்துல இருக்கிறதுதான் தொந்தரவு" என்று பெருமூச்சு விட்டார் ஒச்சப்பன்.

கடைசியில் அவரே வழியும் கண்டுபிடித்தார். ஓர் ஓலைத் தட்டியை நிறுத்தி, நடுவில் ஓட்டை போடுவது. இந்தப் பக்கம் பெண் உட்கார்ந்து மூக்கை மட்டும் ஓட்டையில் நீட்டுவாள். அந்தப் பக்கம் பத்தர் குத்துவார். மூக்கு போகும், கண் போகாது. சிலம்பாயிக்கே இது பிடித்துப்போயிற்று. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மூக்கு உயரத்தைத் தானே அளந்து கொடுத்தாள்.

வியாழக்கிழமை பத்தர் வந்தார். அவரிடம் ஒச்சப்பன் கண்டிப்பாகச் சொன்னார். "ஓட்டையில ஒரு மூக்கு வரும். வந்ததும் குத்தி, மூக்குத்தியப் போட்டுத் திருகிடுங்க. வாயத் தொறந்து எதுவும் கேக்காதீங்க. பொண்ணு பயந்துரும்."

எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் காது குத்தோ மூக்கு குத்தோ, தாய்மாமன் மடியில் வைத்துத்தானே நடக்கவேண்டும்? ஒச்சப்பன் மடியில் ஏறி உட்கார்ந்தாள் சிலம்பாயி. மூக்கு ஓட்டைக்கு ஒரு சாண் மேலே போய்விட்டது.

"தட்டியத் தூக்குவோமா?" என்றார் சின்னக்காளை.

"தூக்குனா ஓட்டையும் கூட வந்துருமேடா" என்றார் மொக்கராசு.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். "தள்ளு தாயி, எவ்வளவு எறங்கணும்னு பாக்கேன்" என்று அவளை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒச்சப்பன் தட்டியில் முகத்தை வைத்துப் பார்த்தார். அவர் மூக்கின் நீளத்தைத்தான் முன்பே சொன்னேனே.

அந்தப் பக்கம் வந்த மூக்கைப் பார்த்ததும் பத்தருக்குத் திக்கென்றது. உள்ளிருந்து முடி எட்டிப் பார்த்தது. பொடி வாசனை வேறு. ஆனால் கேட்கக் கூடாது என்றுதானே உத்தரவு? பாவம் அந்த மாப்பிள்ளை என்று நினைத்தபடி குத்தி, மூக்குத்தியைத் திருகிவிட்டார்.

"ஆத்தாடீ!" என்று ஒரு அலறல்.

கண்ணை இறுக மூடியிருந்த சிலம்பாயி, அலறலைக் கேட்டதும் குத்தியாகிவிட்டது என்று நினைத்தாள். "வலிக்கவே இல்ல மாமா!" என்று சந்தோஷத்தில் குதித்தாள். கண்ணைத் திறந்து பார்த்தால், சிவப்புக்கல் மாமன் மூக்கில் மின்னிக்கொண்டிருந்தது.

"நான் சொல்ற வரைக்கும் கழட்டாதீங்க, சீழ் வச்சுரும்" என்று தட்டிக்கு அப்பாலிருந்து சொன்னார் பத்தர். ஊசியை ஓலையில் செருகியவர், எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சீனியம்மா மருதப்பனையும் கூட்டிக்கொண்டு பூத்தட்டோடு வந்தாள். அவள் ஊர் கண்மாய்க்கு அந்தப் பக்கம் என்றேன் அல்லவா? இரண்டு ஊரும் குடிப்பது ஒரே தண்ணீர்தான். ஒவ்வொரு மூக்காகப் பார்த்துக்கொண்டு வந்து, ஒச்சப்பன் முன்னால் நின்றாள்.

"எங்க மூக்குத்தி இங்கதான் இருக்கு" என்று சொல்லி, அவர் வழுக்கைத் தலையில் மல்லிகைப் பூவை வைத்தாள். அது வழுக்கியது. ஒச்சப்பன் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு குனிந்தார்.

மருதப்பன் அம்மாவின் காதருகே குனிந்தான். "ஆத்தா, பொண்ணு கொஞ்சம் வயசானவரா இருக்காரே."

"அனுசரிச்சுப் போடா" என்றாள் சீனியம்மா.

இதைக் கேட்டதும் சிலம்பாயிக்கு வயிறு எரிந்தது. தன் மருதப்பனை மாமன் கொண்டுபோவதா? நேரே தட்டிக்குப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு தடவி, ஊசியை உருவி, மூக்கில் ஒரே குத்து. கண்ணை மூடினால் ஊசி தெரியாது என்பது மொட்டைப்பாறையில் அன்றைக்குத்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கா தாயி?" என்று கேட்டார் மொக்கராசு.

"எறும்புதான் மாமா ரொம்ப வலிச்சுச்சு" என்றாள் சிலம்பாயி. கண்ணில் நீர் வழிய, துவாரத்தில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு மருதப்பன் பக்கத்தில் போய் நின்றாள். அவனுக்குப் போன உயிர் வந்தது.

இப்போது துவாரம் இங்கே, மூக்குத்தி அங்கே. பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாலி சிலம்பாயிக்கு. மூக்குத்தி மாப்பிள்ளை வீட்டுச் சொத்து என்பதால், அது இருக்கும் மூக்கும் கூடவே வரவேண்டியது. அப்படியே ஒச்சப்பனும் வண்டியேறினார்.

புண் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் கழற்றலாம் என்று பத்தர் சொல்லவில்லை. அவரைப் போய்க் கேட்கச் சொல்லி யாரும் யாரிடமும் சொல்லவும் இல்லை. சிலம்பாயிக்கு வளைகாப்பு வந்தபோது, முதல் வளையல் வயிற்றுக்காரிக்கா மூக்குத்திக்காரருக்கா என்று ஒரு பேச்சு எழுந்தது. நியாயமாக இரண்டு வயிற்றையும் கயிற்றால் அளந்தார்கள். ஒச்சப்பன் வயிறுதான் பெரிது. முதல் வளையல் அவருக்குப் போனது.

அந்த நேரம் பார்த்துத் தடுப்பூசிப் பெட்டியோடு நர்ஸம்மா வந்துவிட்டாள். "யாரும்மா மாசமா இருக்கறது?"

பெட்டிக்குள் பளபளத்த ஊசியைச் சிலம்பாயி பார்த்தாள். ஒரு தடவை குத்திக்கொண்டால் பயம் போய்விடும் என்று அவளிடம் யார் சொன்னார்கள்? யோசிக்கவே இல்லை. மாமனைக் கை காட்டினாள்.

ஒச்சப்பன் வளையல் குலுங்க எழுந்தார். "கொஞ்சம் இருங்க நர்ஸம்மா, ஊர்ல போய்த் தட்டிய எடுத்துட்டு வந்துடறேன். தட்டி இல்லாம குத்திக்கிட்டு எனக்குப் பழக்கமில்ல."