எதுவும் விழக் கூடாது!

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலைகள்கூட ஒழுங்காக ஓரிடத்தில் உட்காரப் பழகாத அந்தக் காலத்தில், மேழிபுரம் என்று ஒரு நாடு இருந்தது. அதன் ராஜா விறலேந்தி. நல்ல மனுஷர்தான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். தன்னைப் பார்த்து யாராவது சிரித்துவிட்டால் போச்சு.

ஒரு நாள் பல்லக்கிலிருந்து இறங்கும்போது ராஜாவுக்குக் கால் இடறியது. தொப்! ஊரே பார்க்கச் சேற்றில் விழுந்தார். ஊரே சிரித்தது.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! கோட்டைக் கோபுரத்தில் குடியிருந்த பூதத்தைக் கூப்பிட்டார்.

"ஏ பூதமே! இனி என் நாட்டில் எதுவும் விழக் கூடாது!"

"யோசிச்சுச் சொல்லு ராஜா," என்றது பூதம். "இந்தப் பூமி இருக்காளே, அவ கல்லையும் இழுப்பா, இறகையும் இழுப்பா, உன்னையும் இழுப்பா. அவ இழுக்கிறதாலதான் எல்லாம் விழுது. அவ கையைக் கட்டிப் போடட்டுமா?"

"கட்டு!"

"கட்டியாச்சு! இனி இங்கே ஏதாவது விழுதுன்னு என் வாயாலேயே நான் சொன்னாத்தான் கட்டு அவிழும்."

முதலில் ஊருக்கே கொண்டாட்டம். கைநழுவிய சட்டி உடையவில்லை. பிள்ளைகள் ஒரே எம்பில் கூரைக்குப் போனார்கள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. கரண்டியைச் சாய்த்தால் குழம்பு இலைக்கு இறங்கவில்லை. குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் இறங்கவில்லை. மேகம் வந்தது, இடி இடித்தது, மழையும் இறங்கவில்லை.

ஆப்பக்கடை மரகதத்துக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அவளுடைய கைக்குழந்தை சிட்டு தூளியில் ஆட்டினால்தான் தூங்குவாள். இப்போதோ ஆட்டிவிட்ட தூளி போன இடத்திலேயே நின்றது. பூமி இழுத்தால்தானே திரும்பி வரும்? சிட்டு அழுதாள், அழுதாள், அழுதுகொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. இன்றைக்கும் தூங்காவிட்டால் குழந்தை என்ன ஆவாளோ என்று மரகதம் பயந்தாள். சிட்டை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அரண்மனைக்குப் போனாள்.

அங்கே தளபதி பூதத்தின் முன்னால் இரும்புக் குண்டைப் போட்டுப் பார்த்தார். அது அந்தரத்தில் நின்றது. "ஊஹூம்!" என்றது பூதம். மந்திரி மாடியிலிருந்து குதித்துப் பார்த்தார். அவரும் அந்தரத்தில் நின்றார். "ஊஹூம்!" கடைசியில் ராஜாவே, "பூதமே, புத்தி வந்தது! உன் காலில் விழுகிறேன்!" என்று பாய்ந்தார். பாவம், கூப்பிய கையோடு பாதி வழியில் மிதந்தார். "ஊஹூம்!"

"பூதமே, என் குழந்தையைத் தூங்க விடு," என்றாள் மரகதம்.

சிட்டு வீறிட்ட சத்தத்தில் பூதத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்ன சொல்றே?"

"பூமியை அவிழ்த்து விடு!"

"என்னது?"

மரகதம் பூதத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "ஐயா பூதமே! நான் சொல்றது உங்க காதுல விழுதா, இல்லையா?"

"விழுது, விழுது! நல்லாவே விழுது! அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறே?"

சொல்லி வாய் மூடவில்லை. டமார்! குண்டு விழுந்தது. தொப்! மந்திரி விழுந்தார். தடால்! ராஜா விழுந்தார். மழை சோவென்று கொட்டியது. பூதம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. பொத்தி என்ன பயன்? சொன்னது சொன்னதுதான்.

நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டு எழுந்த ராஜாவைப் பார்த்து எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவரோ வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் ஊரும் சிரித்தது.

மழை விட்டதும் மேளதாளத்தோடு, யானைமேல் பரிசாகப் பொன் தட்டு ஏற்றி, மரகதம் வீட்டுக்கே ராஜா வந்தார். "மரகதம்! பூதத்தை மடக்கத்தான் அப்படிக் கேட்டாயா? இல்லை, வாயில் தானாக வந்ததா?" என்று வாசலிலிருந்தே உரக்கக் கேட்டார்.

மரகதம் உதட்டில் விரல் வைத்தாள். "மெல்லப் பேசுங்க மகாராஜா. இப்பத்தான் கண்ணசந்தா."

தூளி அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. ராஜா கையைக் காட்டினார், மேளம் நின்றது. பொன் தட்டைச் சத்தமில்லாமல் வாசலில் வைத்துவிட்டு ராஜாவும், மந்திரியும், அந்தப் பெரிய யானையும் கால் நுனியில் நடந்து திரும்பிப் போனார்கள்.