இங்கே வை

"குருவே, மூணு கணினியும் கூட்டுச் சேர்ந்து என்னை ஏமாத்துது" என்று வந்து நின்றார் சவேரிமுத்து.

மெகருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் தூத்துக்குடியின் அந்தக் கடல் வானிலை அலுவலகத்தில் அவளுக்குக் குரு என்றுதான் பெயர். முதலில் கிண்டலுக்கு வைத்தார்கள். பிறகு வேறு வழியில்லாமல் போயிற்று.

"என்னண்ணே களவு போச்சு?"

"அலைக்கணக்கு. பாம்பன், நாகை, கடலூர், மூணு ஊர்க் கணினிக்கும் இங்கிருந்தே வேலையைப் பங்கு போட்டுக் குடுத்தேன். விடியக்காலையிலருந்து ஓடி, மூணும் 'முடிந்தது'ங்குது. என் ஃபோல்டரைத் திறந்தா ஒரு ஃபைலைக்கூடக் காணோம்."

அலை எவ்வளவு உயரம் எழும் என்ற அந்தக் கணக்கு மதியத்துக்குள் துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டாலும் படகுகள் போகும். அதில் ஒன்று அவர் மைத்துனருடையது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மூணு ஊருக்கும் இப்பத்தான் சொல்லிட்டு வந்தேன். இருக்கிறதை எல்லாம் அழிச்சிட்டு முதல்லருந்து ஓட்டணும்."

"எப்ப முடியும்?"

"சாயங்காலம்."

"படகு?"

சவேரிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்தக் கணினிங்களுக்கு என்னன்னு உத்தரவு போட்டீங்க?"

"'கணக்கை முடித்து ஃபைலை இங்கே வை.' இதுல என்னம்மா தப்பு? சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியுமே!"

"புரியும், புரியும்."

அவள் போனை எடுத்தாள். மூன்று ஊர்க்காரர்களையும் ஒரே இணைப்பில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன குருவே, இன்னைக்கு அர்ச்சனை யாருக்கு?" என்றது பாம்பன்.

"பேசாதீங்க. கையில டீ இருக்கா?"

"இருக்கு" என்றது நாகை.

"ஆறிப் போச்சு" என்றது கடலூர். "உங்க சவேரி அண்ணன் குடிக்க விட்டாத்தானே!"

"சரி. மூணு பேரும் கப்பை இங்க வைங்க."

டக். டக். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு டக்.

"வெச்சாச்சு."

"வெச்சாச்சு."

"வெச்சாச்சு குருவே, வேறென்ன?"

மெகருன்னிசா தன் மேஜையைக் கை காட்டினாள்.

"மூணு டீ வந்திருக்கு. எடுத்துக் குடிங்கண்ணே."

மேஜையில் தூசுதான் இருந்தது.

"விளையாடாத தாயி. டீ எங்க இருக்கு இங்க—"

அந்தச் சொல்லிலேயே அவர் நாக்கு நின்றுவிட்டது.

மறுகணம் போன்மேல் விழுந்தார்.

"ஏ மக்கா, எவனும் அழிச்சிராதீயடா! ஃபைலெல்லாம் உங்க கணினியில, அங்கனதான் கெடக்கு!"