சாத்தையன் மறுத்த காளை

கடல் உப்பை மாட்டு முதுகில் ஏற்றி மலைநாடு வரை விற்றுவந்த காலத்துக் கதை இது, கேளுங்கள். கடலோர நாடு ஒன்றில் சாத்தையன் என்றொரு உப்பு வணிகன் இருந்தான். அவனுக்குப் பொதிமாடுகள் ஏராளம். அவற்றில் கருங்காளை ஒன்று முட்டும். அது அவனுக்குத் தெரியும். முட்டும் மாட்டின் கழுத்தில் கட்டை கட்டுவது அந்நாட்டு வழக்கம். கட்டினால் நடை குறையும் என்று சாத்தையன் கட்டவில்லை.

ஒரு சந்தை நாளில் அந்தக் காளை பூவாயி என்ற குயத்தியை முட்டித் தள்ளி, வலது கையை மிதித்தது. பானை வனையும் கை. எலும்பு நொறுங்கிப்போனது.

வழக்கு ஊர்ச்சபைக்கு வந்தது. காளைக்கு உரியவன் அவளுக்குக் கையாக இருந்து உழைக்கவேண்டும் என்பது சட்டம். இன்னொரு வழக்கமும் உண்டு. சபை நடுவே மூக்கணாங்கயிற்றை அறுத்து, மூன்று முறை மறுத்துவிட்டால் அந்த மாடு யாருக்கும் சொந்தமில்லை. கோயிலுக்கு விடும் மாடுகளுக்காக வந்த வழக்கம் அது. சாத்தையன் கயிற்றை அறுத்தான். என்னுடையது அல்ல என்றான். மறுபடியும் சொன்னான். மூன்றாம் முறையும் சொன்னான்.

"உங்கள் மாடு இல்லையென்றால், உங்கள் குரலுக்கு அது ஏன் ஐயா காதை ஆட்டுகிறது?" என்றாள் பூவாயி.

சபையில் சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "மறுத்தது மறுத்ததுதான். போகலாம்" என்றார்.

நல்ல வெயில். சாத்தையன் தொழுவத்துக்குப் போய் மாடுகளை அழைத்தான். ஒன்றும் தலை தூக்கவில்லை. கத்தினான். அசைபோட்டுக்கொண்டே இருந்தன.

வாசலில் அவனுடைய நாய் படுத்திருந்தது. எழுந்து வந்து காலை முகர்ந்தது. கல்தூணைச் சுற்றிப் போவதுபோல் அவனைச் சுற்றிப் போய், வழியை மறித்துப் பல்லைக் காட்டியது.

முற்றத்தில் மகள் செங்கமலம் நெல் துழாவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகச் சொன்னாள்:

"அப்பா வீட்டில் இல்லை. நீங்கள் யார்?"

விளையாடுகிறாள் என்று சிரித்தான். அவள் கண்ணில் விளையாட்டு இல்லை. ஒரு மாட்டைத்தானே மறுத்தேன் என்று முணுமுணுத்தான். அது சுமந்த உப்பு என்னுடையது, அது நடந்த நடை என்னுடையது, அதன் கொம்பு மட்டும் யாருடையது?

பூவாயி வீட்டுக்கு ஓடினான். அந்தக் காளை என்னுடையது, முட்டும் என்று தெரிந்தேதான் சந்தைக்குள் ஓட்டிவந்தேன் என்றான்.

"என்னிடம் எதற்குச் சொல்கிறீர்கள்? எனக்குத் தெரியாததா? சபையில் சொல்லுங்கள்" என்றாள்.

ஊர் கூடிய சபையில் அவன் அதையே சொன்னான். மறுநாள் முதல் அவளுக்காக மண் மிதித்தான், சக்கரத்தில் உட்கார்ந்தான். அவன் வனைந்த பானைகள் ஒரு பக்கம் சாய்ந்தன. "இதில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீருக்கே தலை சுற்றும்" என்று பூவாயி கேலி செய்வாள். செய்துகொண்டே, அடுத்த மண்ணை எடுத்து வைக்கச் சொல்வாள்.

மாடுகள் ஒவ்வொன்றாக அவன் குரலுக்குத் திரும்பின. நாயும் வாலாட்டியது. செங்கமலமும் அவனை அப்பா என்று அழைத்தாள். ஆனால் அழைக்கும் முன், ஒவ்வொரு முறையும், அவன் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பாள். அவள் வாய் திறக்கும்வரை சாத்தையன் மூச்சுவிடாமல் நிற்பான். சாகும்வரை அப்படித்தான் நின்றான்.

கேட்டவர்கள் மனத்தில் வையுங்கள்: உடைமை தரும் பயனை அனுபவிப்பவன், அது பிறருக்குச் செய்யும் தீங்கையும் தன்னுடையது என்று ஏற்கவேண்டும்.