இலுப்பை விதைகள்

மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தபோது திருமேனிக்கு அறுபது வயது. குருவான மாசிலா அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காட்டுத்தீயில் கருகிப்போன மலைச்சரிவுக்காக அம்மை மரக்கன்றுகள் வளர்த்துக்கொண்டிருந்தார். சீடர்களுக்கு அதுதான் வழிபாடு, அதுதான் பாடம்.

திருமேனி அதிகம் பேசமாட்டார். சொன்ன வேலையைச் செய்வார். கொன்றை விதைகளைக் கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு ஊறவைப்பார். ஓடு இளகி, சில நாளில் முளை எட்டிப்பார்க்கும். தேக்குக் கொட்டைகளை மாறி மாறி நனைத்துக் காயவைப்பார். கை எதைச் செய்தாலும் மனம் மட்டும் துணிப்பைக்குள் இருந்த ஒரு தகர டப்பாவிலேயே கிடந்தது.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை அதை எடுத்துவந்து அம்மையின் முன் வைத்தார். மூடியைச் சுற்றி மெழுகு பூசியிருந்தது.

மகள் எழிலி ஏழு வயதில் வீட்டு வாசலில் ஓர் இலுப்பைக் கன்று நட்டதையும், முப்பது வயதில் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்ததையும், அடுத்த மாதமே சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அந்த மரத்தை வெட்டியதையும் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். விழுந்து கிடந்த கிளைகளில் பழுத்திருந்ததையெல்லாம் பொறுக்கி, விதையெடுத்து, காற்றுகூடப் புகாமல் அடைத்துவைத்தாராம். ஒரு வருடம் ஆகியிருந்தது.

"கொன்றைக்குச் செய்வதுபோல இதற்கும் ஏதாவது செய்து முளைக்கவையுங்கள், அம்மா."

அம்மை மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தார். கெட்டுப்போன எண்ணெயின் சிக்கு வாடை அடித்தது. ஒரு விதையை எடுத்துக் கத்தியால் கீறினார். உள்ளே கறுத்திருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. ஒன்றுவிடாமல், கடைசி விதைவரை திருமேனியின் கண்ணெதிரே பிளந்துவைத்தார்.

திருமேனி தடுக்கவில்லை.

"பத்திரமாகத்தானே வைத்திருந்தேன்."

"இலுப்பை விதை காத்திருக்காது, ஐயா. ஈரம் காய்வதற்குள் மண்ணுக்குப் போய்விட வேண்டும். எடுத்த அன்றைக்கே ஏன் விதைக்கவில்லை?"

திருமேனி பிளந்த விதைகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் திரும்பப் போட்டார்.

"விதைத்து, முளைக்காமல் போயிருந்தால்? அதற்கப்புறம் எனக்கு என்ன மிச்சம் இருந்திருக்கும்?"

அம்மை எழுந்து கிணற்றடிக்குப் போனார். அங்கே நின்ற இலுப்பையின் கீழ் உதிர்ந்து கிடந்த பழங்களைப் பிதுக்கி, ஒரு கைப்பிடி விதை கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். ஈரம் காயாமல் பளபளத்தன.

திருமேனி அவற்றைத் திருப்பி நீட்டினார்.

"இது என் மகளுடைய மரத்து விதை இல்லையே, அம்மா."

"இல்லை" என்றார் அம்மை. "ஆனால் இரண்டு வாரம் வைத்திருந்தால் இதுவும் செத்துப்போகும்."